நான்காவது வடம்

எங்கள் அலுவலகத்தில் தீப்பிடித்தால்கூட முதலில் ஸ்லைடு போட வேண்டும். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றறிக்கையே இருக்கிறது. "எந்தப் பணியாளரும் எந்தத் தகவலையும் மேலதிகாரிகளுக்கு வாய்மொழியாகவோ கடிதமாகவோ தெரிவிக்கக் கூடாது. மனவியல் முறைப்படி வடிவமைத்த திரைக்காட்சி வழியாகவே தெரிவிக்க வேண்டும்" என்று பதினோரு மாடியிலும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சுற்றறிக்கை மட்டும் தாளில்தான் வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதானால் அதற்கும் ஸ்லைடு போட வேண்டுமே.

நான் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒற்றை லிஃப்டோடு குடித்தனம் நடத்துகிறேன். அலுவலகம் என்ன அலுவலகம் என்றால், ஓய்வூதிய அலுவலகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடிருப்பதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் பிரிவு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. எழுபது வயதுக்காரர்கள் ஏறி வரவேண்டிய இடத்தைத் தரைத்தளத்தில் வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தரைத்தளத்தில் காட்சி மனவியல் பிரிவு இருக்கிறது. ஸ்லைடுகளைத் திருத்தி, வண்ணம் பூசி, முத்திரை குத்தி அனுப்புகிற பிரிவு. முதலில் கண்ணில் படுவதுதான் மனசில் நிற்கும் என்பதால் அவர்களே முதலில் கண்ணில் படுகிறார்கள்.

அன்று திங்கட்கிழமை காலை. மாதாந்தரச் சோதனைக்காக மொட்டைமாடி இயந்திர அறைக்குப் போனேன். லிஃப்ட் பெட்டி நான்கு கம்பி வடங்களில் தொங்குகிறது. அதில் நான்காவது வடத்தில் பாதிக்கு மேல் கம்பிகள் அறுந்து, துடைப்பம் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. மூன்றாவதிலும் பிசிர் கிளம்பியிருந்தது. வடம் அறுந்தாலும் பெட்டி விழாது, பிடித்துக்கொள்ள வேறு ஏற்பாடு உண்டு என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சரிதான். பெட்டிக்கு அடியில் ஒரு கவ்வி உண்டு. வேகம் மிஞ்சினால் அது பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பெட்டியை நிறுத்திவிடும். கீழே இறங்கிப் போய் அந்தக் கவ்வியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். துருவேறிப் போய், அசைவேனா என்றது.

அந்தப் பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பது என் கூடப்பிறந்த தங்கை.

நிறுத்திவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கதவுக் கோளாறுக்காக ஒரு முறை நிறுத்தினேன். அன்றைக்குப் பார்த்து இயக்குநர் பதினோரு மாடியும் ஏற வேண்டியதாகிவிட்டது. அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதிகாரிகள் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இனி லிஃப்டை நிறுத்தினால் என் வேலை போகும். நான் சொல்லிச் சேர்த்ததால் தங்கை வேலையும் போகும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

முதலில் பராமரிப்பு மேலாளரிடம் ஓடினேன். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'பார்ப்போம் சார்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

"சார், லிஃப்ட் வடம்..."

"சொல்லாதீங்க!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நான் நடவடிக்கை எடுக்கணும். எதுக்கு வம்பு? வியாழக்கிழமை குழுக் கூட்டம் இருக்கு. ஸ்லைடு போட்டுக் கொண்டு வாங்க. அங்க எல்லாரோட சேர்ந்து நானும் தெரிஞ்சுக்கறேன்."

"சார், தலை போற விஷயம் சார்."

"பார்ப்போம்" என்றார், காதிலிருந்து கையை எடுக்காமலே.

லிஃப்டுக்குப் போனேன். பெட்டியில் யாரும் இல்லாத நேரம். தங்கை என் முகத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

சொன்னேன். அவள் தலையைத் தூக்கிப் பெட்டியின் கூரையைப் பார்த்தாள்.

"அப்ப நிறுத்திடேன்."

"நிறுத்தினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்மா."

"நிறுத்தலேன்னா?"

"நீயாவது லீவு போட்டுட்டு வீட்டுல இரு" என்றேன்.

"நான் லீவு போட்டா இன்னொருத்தியை உக்கார வைப்பாங்க. அவளுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?" என்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, வியாழக்கிழமைதானே? அதுவரைக்கும் நாலு பேருக்கு மேல ஏத்த மாட்டேன். நீ போய் அந்தப் படம் காட்டற கூத்தை ஒழுங்கா முடி. ஆனா ஒண்ணு, அங்க போய் வாயை மூடிட்டு நிக்காதே" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடப்பிறந்தவளை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஸ்லைடு போடப் போகிறேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினேன். படியில்தான்.

காட்சி மனவியல் பிரிவின் தலைவரை எல்லோரும் 'மனசு சார்' என்பார்கள். அவர் அறையில் சுவர் நீலம், நாற்காலி நீலம், தண்ணீர்க் குவளைகூட நீலம். கடிகாரம் கிடையாது, கடிகாரம் பதற்றம் தருமாம். அதனால் அவர் எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்பதும் யாருக்கும் தெரியாது.

"உக்காருங்க" என்றார், தாலாட்டுப் பாடுகிற குரலில். "மனுஷ மூளை ஒரு ஸ்லைடை மூணு செகண்டுதான் பார்க்கும். அந்த மூணு செகண்டுல நாம யாரையும் பயமுறுத்தக் கூடாது, யோசிக்கவும் வைக்கக் கூடாது. யோசிச்சா கேள்வி கேப்பாங்க. கேள்வி கேட்டா கூட்டம் நீளும். கூட்டம் நீண்டா பசிக்கும். பசிக்கிற மனசு எதையும் ஒத்துக்காது. இதை நான் பதினாறு வருஷமா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கேன்."

"பசிக்கும்ங்கறதையா சார்?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "உங்க செய்தியை ஆறு வார்த்தைக்குள்ள சொல்லுங்க."

"லிஃப்ட் வடம் அறுந்திருக்கு. ஆள் செத்துடுவாங்க."

விரல் விட்டு எண்ணினார். "அஞ்சுதான்! பிரமாதம். உங்ககிட்ட திறமை இருக்கு. ஆனா 'அறுந்திருக்கு', 'செத்துடுவாங்க', இது ரெண்டும் எதிர்மறை. மனசு கதவைச் சாத்திக்கும். அதை மட்டும் எடுத்துடுவோம். மிச்சம் என்ன இருக்கு?"

"லிஃப்ட், வடம், ஆள்."

"பாத்தீங்களா? மூணு. மனசு மூணைத்தான் பிடிச்சு வச்சுக்கும். இதுதான் உங்க முதல் ஸ்லைடு."

இயந்திர அறையில் நான் போனில் எடுத்து வைத்திருந்த படத்தை அவர் தன் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினார். நான்கு வடங்கள், நான்காவது சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது.

"இங்கதான் பிழை பண்றீங்க. நாலு இருக்கே! நாலுங்கறது மனச்சுமை. மூணு போடுவோம்."

"சார், இருக்கிறதே நாலுதான் சார்."

"இருக்கிறது லிஃப்டுல. நான் சொல்றது ஸ்லைடுல." சுட்டியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "எதை எடுக்கலாம்? இது கடைசியில, பார்க்கவும் அலங்கோலமா இருக்கு. இதையே எடுத்துடலாம்."

நான்காவது வடம் போய்விட்டது. என் கண்ணெதிரே போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயை எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் படமெடுப்பதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது வடத்தில் பிசிர் இருக்கிறதே என்றேன். கிட்டத்தில் பார்த்தால் எதிலும்தான் பிசிர் தெரியும், தூரத்திலிருந்து எடுத்தால் தெரியாது என்று படத்தைச் சுருக்கினார். நான் பின்னணிக்குக் கேட்ட சிவப்பு பதற்ற நிறமாம், நீலமாக்கினார். கவ்வியையும் படமெடுத்திருந்தேன், அதன் துருவை மட்டும் தொடவில்லை. பழுப்பு மண்ணின் நிறம், பார்ப்பவர்களுக்கு ஆறுதல் தரும் என்றார். ஆனால் அது கவ்வி என்று எழுத விடவில்லை. "பெயர் தெரிஞ்சா அது என்ன வேலை செய்யுதுன்னு கேப்பாங்க" என்றார். மூலையில் காலி இடம் இருந்ததால் சிரிக்கிற குழந்தை ஒன்றைப் போட்டார். குழந்தையைப் பார்த்தால் மனசு இளகுமாம். அந்தக் குழந்தைக்கும் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "அதுவும் ஒருநாள் லிஃப்டுல போகுமில்லையா?" என்றார். போகும் சார், போகும், எங்கே போகும் என்பதுதான் என் கவலை என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நாடித் தேர்வு. எந்த ஸ்லைடும் அதில் தேறினால்தான் குழுவுக்குப் போகும். சோதனை மனங்கள் என்று மூன்று பேரை வரிசையாக உட்கார வைப்பார்கள். அன்றைக்கு வாசல் காவலாளி, தட்டச்சு செய்கிற அம்மாள், தோட்டக்காரர். ஆளுக்கொரு விரலில் நாடி பார்க்கிற கிளிப்பை மாட்டி ஸ்லைடைக் காட்டுவார்கள். நாடி எழுபத்திரண்டில் நின்றால் தேர்ச்சி, ஏறினால் தோல்வி.

நான் ஒரு வேலை செய்தேன். திருத்திய படத்துக்கு முன்னால் என் பழைய படத்தைச் சொருகிவிட்டேன். நான்கு வடம், சிலிர்த்த கம்பி, கீழே கொட்டை எழுத்தில் 'நம்ம லிஃப்ட்'.

திரையில் வந்ததுதான் தாமதம், காவலாளிக்கு நூற்றுப் பதினெட்டு. தட்டச்சு அம்மாள் கிளிப்போடு எழுந்து நின்று, "அடப்பாவிகளா! இதுலயா நான் காலையில ஏறி வந்தேன்?" என்று கத்தினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டதே!

"படுதோல்வி" என்று எழுதினார் மனசு சார். "பாருங்க, ரெண்டு பேருக்கும் புரிஞ்சிடுச்சு."

தோட்டக்காரருக்கு மட்டும் எழுபத்திரண்டிலேயே நின்றது. அவர் வேலை முழுக்கத் தரையில்தான். லிஃப்டில் ஏறியதே இல்லை. "இவர்தான் சிறந்த பார்வையாளர். இவர் மனசை மனசுல வச்சுத்தான் ஒவ்வொரு ஸ்லைடும் போடணும்" என்று மனசு சார் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தோட்டக்காரர் கிளிப்பைக் காட்டி, "இதை எப்ப சார் கழட்டுவீங்க? செடிக்குத் தண்ணி விடணும்" என்றார்.

பிறகு திருத்திய ஸ்லைடைப் போட்டார்கள். லிஃப்ட், வடம், ஆள், நீலம், குழந்தை. ஏழு முறை போட்டார்கள். தொண்ணூறு, எண்பத்தைந்து, எழுபத்தெட்டு என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி நாடி இறங்கிக்கொண்டே வந்தது. எட்டாவது முறை எல்லோருக்கும் எழுபத்திரண்டு. முத்திரை குத்தினார்கள். தட்டச்சு அம்மாள் கொட்டாவி விட்டபடி வெளியே வந்து, லிஃப்டில் ஏறி ஏழாவது மாடிக்குப் போனார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமே அப்போதுதான் வந்தது. வடம் அறுந்ததைவிட இது பெரிய கோளாறு.

புதன்கிழமை தங்கைக்கு மெமோ வந்தது. எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்டில் நான்கு பேரை மட்டும் ஏற்றுகிறாள், வரிசை வாசல்வரை நிற்கிறது, காட்சி மனவியல் பிரிவின் முகப்பை மறைக்கிறது என்று.

வரிசை நின்றது உண்மை. அதில் ஒரு பெரியவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு, "ஏம்மா, நான் உயிரோட இருக்கேன்னு காட்டத்தான் வந்தேன். நீ விடற வேகத்துல வரிசையிலேயே போயிடுவேன் போலிருக்கே" என்றார்.

"பொறுங்கய்யா. மெதுவாப் போனாத்தான் காட்ட முடியும்" என்றாள் தங்கை.

சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவள் முகத்தில் ரத்தமில்லை. ஆறாவது மாடிக்குப் பக்கத்தில் பெட்டி ஒரு முழம் சட்டென்று இறங்கி நின்றதாம். உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம். அவர்களிடம் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

மெமோவை மடித்து என் பையில் திணித்தாள். "நாளைக்கு என்ன ஆனாலும் சரி, நீ பேசிடு."

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் குழு கூடியது. பதினோராவது மாடி, கதவிடுக்குக்கூட மூடிய ஏசி அறை. இயக்குநரோடு சேர்த்து ஒன்பது பேர். பார்ப்போம் சாரும் மனசு சாரும் அதில் அடக்கம். குறிப்பெடுக்கத் தட்டச்சு அம்மாளும் உட்கார்ந்திருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனசு சார் குறுக்கே வந்தார். பேசுபவரின் குரல் பார்ப்பவரின் கவனத்தைக் கெடுக்குமாம். அதனால் பின்னணியில் புல்லாங்குழல். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திரைக்குப் பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விரித்த கை நேர்மையைக் காட்டுமாம். நின்றேன். நேர்மையாக நின்றேன். இருபத்திரண்டு வருஷம் கிரீஸ் அப்பிய இரண்டு கைகளை ஒன்பது பேருக்கும் காட்டிக்கொண்டு, புல்லாங்குழல் முடிகிறவரை கல்லு மாதிரி நின்றேன். கீழே தங்கை நான் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாள்.

கடைசி ஸ்லைடில் குழந்தை பெரிதாகச் சிரித்தது. கைதட்டல்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எத்தனையோ பேர் இந்த அறைக்குள்ள பிரச்சினையைக் கொண்டு வந்து கொட்டியிருக்காங்க. அவங்க போன பிறகு எனக்குத் தூக்கம் வராது. ஆனா இன்னிக்கு ஒரு சாதாரண மெக்கானிக் வந்து, என்ன பிரச்சினைன்னே தெரியாத அளவுக்கு அழகா ஒரு பிரச்சினையைச் சொல்லியிருக்கார். எனக்கு மனசே லேசாயிடுச்சு. நம்ம வடங்கள்லாம் இவ்வளவு நீலமா, இவ்வளவு உறுதியா இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"உறுதிங்கற உணர்வு கொஞ்சம் தூக்கலாவே வந்திருக்கு" என்றார் மனசு சார் அடக்கமாக.

"அப்புறம் ஏன் கீழ அவ்வளவு பெரிய வரிசை? எட்டுப் பேர்னு ஏன் கட்டுப்பாடு? பன்னிரண்டு ஆக்குங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பார்ப்போம் சார்கூட அன்றைக்கு "பார்த்தாச்சு" என்றார்.

கூட்டம் கலைந்து ஒன்பது பேரும் லிஃப்டை நோக்கி வந்தார்கள். தங்கை பெட்டியை மேலே கொண்டுவந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாலேயே கேட்டாள், ஆச்சா என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பன்னிரண்டு பேர்னு தீர்மானம் போட்டாச்சு. நாம ஒன்பது பேரும் ஒண்ணாவே இறங்கித் தொடங்கி வைப்போம்" என்று இயக்குநர் ஒரு காலைத் தூக்கினார்.

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம், உள்ளங்காலிலிருந்து கிளம்பி உச்சந்தலைக்கு ஏறியது. வேலையாவது ஒன்றாவது! கூட்டத்தில் விரித்துக் காட்டிய கை தானாக மூடிக்கொண்டது.

"சார், நில்லுங்க. மொத்தம் நாலு வடம். ஒண்ணு பாதிக்கு மேல அறுந்துபோச்சு. இன்னொண்ணு அறுந்துக்கிட்டிருக்கு. வடம் போனா பிடிக்க வேண்டிய கவ்வி துருப்பிடிச்சு அசையாமக் கிடக்கு. நேத்து இந்தப் பெட்டி தானா ஒரு முழம் இறங்கிச்சு. இன்னிக்கு ஒன்பது பேர் ஏறினா பதினோரு மாடியும் ஒரேயடியா இறங்கிடலாம். உள்ள நிக்கறது என் தங்கச்சி. அதனாலதான் சொல்றேன்."

நீலமில்லை, குழந்தையில்லை, புல்லாங்குழலில்லை. இயக்குநரின் தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் வந்தது.

"ஆமா, டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். நிதி அதிகாரிக்குத் திடீரென்று பத்தாவது மாடியில் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்ட ஞாபகம் வந்தது. அது அவர் மூக்கிலேயே இருந்தது. சட்ட அதிகாரி, "இவர் போறாரே, தனியா விடக்கூடாது" என்று அவர் பின்னால் போனார். நாலு பேர் காரணமே சொல்லாமல் போனார்கள். பார்ப்போம் சார் "பார்ப்..." என்று ஆரம்பிக்கும்போதே ஒரு திருப்பம் இறங்கிவிட்டார். கடைசியாக மனசு சார் மட்டும் நின்றார். லிஃப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க பேச்சுல உணர்ச்சி ஜாஸ்தி. இப்படிச் சொன்னா யாருக்கும் போய்ச் சேராது" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார். இரண்டு இரண்டு படியாக இறங்கினார்.

ஒன்பது ஜோடிச் செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், திரும்பி, "அந்த லிஃப்டை நிறுத்துய்யா" என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"என்னண்ணே, யாரும் நிறுத்தச் சொல்லலையா?" என்றாள் தங்கை.

"சொல்லலை."

அதே நேரம் ஒன்பதாவது மாடியிலிருந்து மணி அடித்தது. உயிரோடிருப்பதைக் காட்டி முடித்த பெரியவர்கள் கீழே இறங்கக் காத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒன்பதாம் எண் விளக்கு எரிந்தது, தங்கை அதையே பார்த்தாள்.

"அவங்க உசுருக்குப் படி இருக்கு. எங்க உசுருக்கு ஸ்டூலா? நல்லா இருக்கு நியாயம்!" என்றாள். இத்தனை நாள் அழாதவள் அப்போது அழுதுவிட்டாள்.

"எறங்கும்மா" என்றேன்.

அவள் ஸ்டூலையும் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் இயந்திர அறைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஃபியூஸ்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். என் சொந்தப் பூட்டால் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டினேன். பிறகு இரண்டு பேருமாக ஒவ்வொரு மாடியாக இறங்கி, லிஃப்ட் கதவில் சாக்பீஸால் எழுதினோம்: 'வடம் அறுந்திருக்கு. ஏறாதீங்க.' ஒன்பதாவது மாடியில் பெரியவர்கள் படித்தார்கள். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. முந்தின நாள் ஏற முடியாமல் திரும்பிப் போய் மறுபடி வந்திருந்த அந்தக் கைத்தடிப் பெரியவரை நானும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மாடிக்கு மாடி உட்கார வைத்து இறக்கினோம். வழியெல்லாம் அவர் அலுவலகத்தை அர்ச்சனை செய்துகொண்டே வந்தார். காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை. பதினோராவது மாடிக்கு ஏற முடியாததால் மனசு சாரின் நீல அறையில் கூடினார்கள். அதே ஒன்பது பேர். தங்கையும் கூப்பிடப்பட்டிருந்தாள், கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க தரப்பு விளக்கத்துக்கான ஸ்லைடு எங்க?" என்றார் மனசு சார். "குற்றத்தை ஒப்புக்கொள்றவங்களுக்கு இளம்பச்சை. மறுக்கிறவங்களுக்குச் சாம்பல்."

"ஸ்லைடு கிடையாது சார். வாய் இருக்கு. கேளுங்க, சொல்றேன்."

அறையில் ஒரு சலசலப்பு. இயக்குநர் நான் முன்பு கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து ஆட்டினார்.

"குழுவோட உத்தரவு இல்லாம லிஃப்டை நிறுத்த மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் யார் உத்தரவுல நிறுத்தினீங்க?"

"உங்க உத்தரவுலதான் சார்."

"நாங்க எப்பய்யா உத்தரவு போட்டோம்?"

"நேத்து சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷம். நான் சொன்னதைக் கேட்டுட்டு ஒன்பது பேரும் படியில இறங்கினீங்க. ஒருத்தர்கூட லிஃப்டுல ஏறலை. குழுவோட முழு மனசும் எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு. அதுக்கு மேல எனக்கு என்ன சார் உத்தரவு வேணும்?"

நிதி அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தட்டச்சு அம்மாளின் விரல்கள் மட்டும் தடதடவென்று ஓடின.

"அதை எழுதாதீங்க" என்றார் இயக்குநர்.

"எழுதிட்டேன் சார்" என்றார் அந்த அம்மாள். "நானும் அதுலதான் நாலு நாளா ஏறி இறங்கினேன்."

நான் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸ்களை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பூட்டுச் சாவியையும் பக்கத்தில் வைத்தேன்.

"நான் பண்ணினது தப்புன்னா இப்பவே ஓட்டலாம் சார். அஞ்சு நிமிஷ வேலை. உங்கள்ல யார் முதல்ல ஏறுறீங்களோ, அவங்க இந்தச் சாவியை எடுத்துக்குங்க."

சாவி அங்கேயே கிடந்தது. ஒன்பது பேரும் அதைப் பார்த்தார்கள். கை ஒன்றுகூட நீளவில்லை. பார்ப்போம் சார் தன் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்.

இயக்குநர் பேனா முனையால் சாவியை என் பக்கம் தள்ளினார். "அது உங்ககிட்டயே இருக்கட்டும். வடம் வரவழைக்கலாம். நீங்க போகலாம்."

"எப்ப வரும் சார்?"

"வரும்னு சொல்றேனில்லையா?"

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த நீல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தங்கையும் உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எப்ப வரும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றேன். "வாங்கிக்கிட்டுப் போறோம்."